செப்புக் கம்பியில் கட்டிய மூன்று துண்டுகள்

2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. காலை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். ஐந்து ஐந்துக்கு மொட்டை மாடிக்குப் போனேன். முந்தின நாள் மாலை கடலில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு தம்ளர் அளந்து, கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் தொங்கிய மூன்று துண்டுகளின் மேல் மெதுவாக ஊற்றினேன். டார்ச் வெளிச்சத்தில் மூன்றையும் பார்த்துக் குறிப்பு எழுதினேன். அது ஐம்பத்தாறாவது நாள். ஆறு மணித் திருப்பலிக்கு நானும் கணவரும் நடந்து போய், ஏழே காலுக்குத் திரும்பினோம். ஏழரைக்கு ஆப்பமும் கடலைக் கறியும். எட்டு மணிக்கு வாரத் துணிகளை ஊறவைத்தேன். எட்டே முக்காலுக்கு, இரணியலில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திற்குப் போட்டுப்போகும் வெள்ளை மேலங்கி இரண்டையும் தேய்த்து வைத்தேன்.

நாட்குறிப்பில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். முப்பத்தொரு வருடமாக எழுதுகிறேன். ஒரு நாள் விடுபட்டது மகன் பிறந்த அன்று. அதையும் மறுநாள் எழுதிச் சேர்த்துவிட்டேன்.

மாடியில் தொங்கியவை சைக்கிள் சம்பந்தப்பட்டவை. ஒன்று இரும்புக் குழாய்த் துண்டு. இன்னொன்று அலுமினியக் குழாய்த் துண்டு. இரண்டும் நாகர்கோவில் சைக்கிள் கடைக்காரர் கழிவிலிருந்து அறுத்துத் தந்தவை. மூன்றாவது கார்பன் துண்டு. சென்னையில் வேலை பார்க்கும் மகன் விட்டுப்போன ஒடிந்த பாட்மிண்டன் மட்டையின் தண்டு. ஒவ்வொன்றும் சரியாகப் பதினைந்து சென்டிமீட்டர். எங்கள் வீடு முட்டத்தில், கடலிலிருந்து முந்நூறு அடி தள்ளி இருக்கிறது. இங்கே கதவுக் கொண்டி இரண்டு வருடம் தாங்கினால் அது நல்ல கொண்டி. உப்புக் காற்றில் எந்த ஃபிரேம் சட்டம் நிற்கும் என்று தெரியாமல் சைக்கிள் வாங்க நான் தயாராக இல்லை.

சைக்கிள் என் கணவருக்கு. இருபத்துநான்கு வருடம் வளைகுடாவில் குழாய் வெல்டராக இருந்தார். கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில். அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஃபிக்ஸட் கியர் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். பின்சக்கரமும் பெடலும் ஒன்றாகப் பூட்டிய வண்டி அது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருள முடியாது. ஷிப்டு முடிந்ததும் அரைமணி நேரம் இவருக்கு ஓட்டக் கொடுப்பாராம். "அந்த அரமணிக்கூர்தான் அங்க நான் மனுசனா இருந்தது" என்று ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே சொன்னார். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். எந்தச் சைக்கிள், என்ன சட்டம் என்பதை என்னிடம் விட்டுவிட்டார். அது அவர் செய்த தவறு என்று என் அண்ணன் சொல்வான்.

நவம்பர் மாதத்தில் மூன்று சனிக்கிழமை நாகர்கோவில் கடைக்குப் போனோம். முதல் தடவை பார்த்தோம். இரண்டாம் தடவை அளந்தோம். மூன்றாம் தடவை, அண்ணன் மீன் நிறுக்கும் தொங்கு தராசைப் பையில் வைத்து எடுத்துப் போனேன். கடைக்காரர் சட்டத்தைக் கொக்கியில் மாட்டிப் பிடித்தார். இரும்பு இரண்டு கிலோ முந்நூறு. அலுமினியம் ஒரு கிலோ எழுநூறு. கார்பன் சட்டம் ஒன்று யாரோ வாங்கி வைத்தது பழுதுக்கு வந்திருந்தது. அது ஒரு கிலோ நூறு.

"அக்கா, இருவது வருசமா கட நடத்துதேன். சைக்கிள நெய்மீன் மாதிரி நிறுத்துப் பாத்தது நீங்க ஒராள்தான்" என்றார் கடைக்காரர்.

"செவுளத் தூக்கிப் பாக்காம விட்டாளே, அதுக்கு சந்தோசப்படும்" என்றார் என் கணவர்.

அன்று கடைக்காரர் இரண்டு ஃபிக்ஸட் கியர் வண்டிகளை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். ஒன்று கடையில் விற்பனைக்கு இருந்த அலுமினிய வண்டி. மற்றது அவருடைய சொந்த இரும்பு வண்டி. கடைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கணவர் ஒவ்வொன்றிலும் ஐந்து சுற்று ஓட்டினார். முதல் வளைவிலேயே பழக்கதோஷத்தில் காலை நிறுத்தப் பார்த்தார். பெடல் விடவில்லை, இருக்கையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் போட்டது. விழவில்லை. விழாததற்காக அவர் சிரித்த சிரிப்பு மைதானத்தின் மறுபக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. பல் தெரியச் சிரிக்கிற ஆள் அல்ல அவர். நேரத்தைக் குறித்துக்கொண்டேன்: 11.40.

இறங்கியதும் கேட்டேன். அலுமினியம் மிதித்தவுடன் பாய்கிறது, ஆனால் கல்லில் ஏறினால் அந்த அடி அப்படியே மணிக்கட்டுக்கு வருகிறது என்றார். இரும்பு கொஞ்சம் தணிந்து கொடுக்கிறது, மண்ரோட்டில் சாய்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். கார்பனை ஓட்ட முடியவில்லை. கடைக்காரர் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டேன்: எடை இல்லை, அதிர்வும் இல்லை, ஆனால் எங்கேயாவது இடித்தால் உள்ளே விரிசல் விட்டது வெளியே தெரியாது.

வீட்டுக்கு வந்து நோட்டில் கட்டம் போட்டேன். எடை, அதிர்வு, பழுது, உப்பு. முதல் மூன்றுக்கும் விடை இருந்தது. நான்காவது காலியாக இருந்தது. டிசம்பர் 4 அன்று மாடியில் துண்டுகளைத் தொங்கவிட்டேன்.

இதை எழுதுகிற அளவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை, கணவருடைய பழைய போர்மேன் போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். ஆலையில் புதுப் பிரிவு கட்டுகிறார்கள், பழைய கைகள் வேண்டும், ஒரு வருடம் வந்தால் போதும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவர் அதை அடுக்களையில் வைத்து எனக்கும் போட்டுக் காட்டினார். "திங்களாச்ச சொல்லலாம்" என்றார். நான் "செரி" என்றேன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இருபத்துநான்கு வருடத்தில் ஒரு தடவைகூட 'போக வேண்டாம்' என்று நான் சொன்னதில்லை. அவராகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

அவர் விடுமுறையில் வரும்போதெல்லாம் நாட்குறிப்பின் வலது மூலையில் ஒரு கணக்கு எழுதுவேன். விடுமுறை நாற்பத்தைந்து நாள். முதல் நாள் 1/45, அடுத்த நாள் 2/45. முப்பதைத் தாண்டினால் அந்த மூலையைப் பார்க்காமலே எழுதுவேன். 2023 மே 14 அன்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்தார். அன்று 1 என்று எழுதிக் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டேன். 256 நாள் காலியாகவே இருந்தது. வியாழக்கிழமை இரவு அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது 260.

பத்து மணிக்கு அண்ணன் வந்தான். எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று அவன் வலை தைப்பான், எஞ்சின் துடைப்பான், அல்லது எங்கள் வீட்டுக்கு வந்து சாயா குடிப்பான். கையில் முந்தின நாள் பிடித்த பாரை மீனில் பாதி கொண்டுவந்திருந்தான்.

"மச்சான், சைக்கிள் வந்தாச்சா?" வாசலிலேயே கேட்டான்.

"ஒந் தங்கச்சி பரிச்ச முடிச்சிட்டாளாம். இன்னிக்கு ரிசல்ட்டு" என்றார் கணவர்.

"கால் ஓயாம மிதிக்கணும், ஒரு நிமிசம் சும்மா இருக்க விடாதுன்னு சொன்னியே, அந்தச் சைக்கிள்தானே?"

"அதுதான்."

"அது எதுக்குடே காசு குடுத்து வாங்கணும்? கல்யாணம் கெட்டி வீட்லயே வச்சிருக்கியே!"

"அண்ணே, சாயா வேணுமா வேண்டாமா?" என்று உள்ளேயிருந்து கேட்டேன்.

"வேணும் வேணும். நான் ஒண்ணும் சொல்லல்ல."

சாயாவைக் கொடுத்துவிட்டு நோட்டை விரித்தேன். ஐம்பத்தாறு நாள், ஐம்பத்தாறு வரி. வாசித்தேன். ஒன்பதாம் நாள் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. இருபதாம் நாள் அதில் குண்டூசித் தலை அளவு குழிகள், ஆறு. நாற்பதாம் நாள் குழிகள் முப்பத்தொன்று. இரும்பில் ஐம்பத்தாறு நாளும் லேசான பழுப்பைத் தவிர எதுவும் இல்லை. கார்பனில் மாற்றம் இல்லை. ஆகையால் கடலோரத்துக்கு அலுமினியம் ஆகாது, கார்பன் இடித்தால் தெரியாது, இரும்புதான் சரி.

அண்ணன் சாயாவைப் பாதியில் வைத்தான். "இரும்பு துருப்பிடிக்கல்ல, அலுமினியம் அரிச்சுப்போச்சா? ஏட்டி, எங்க வள்ளத்தில மீன் அள்ளுத அலுமினியச் சருவம் எட்டு வருசமாக் கடல்தண்ணியிலதான் கெடக்கு, ஒண்ணும் ஆகல்ல. ஒந் துண்டுகளக் காட்டு பாப்போம்."

மாடிக்குப் போனோம். துண்டுகளைப் பார்த்தவன் மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மூன்று துண்டுகளையும் நான் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, விறகுக் கட்டுப்போல, ஒரே செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். கணவருடைய பெட்டியில் கிடந்த கம்பி. வளைக்க எளிது, துருப்பிடிக்காது என்று அதை எடுத்தேன். மூன்றுக்கும் தம்ளர் தண்ணீர் சமமாகப் படவேண்டும் என்றுதான் சேர்த்துக் கட்டினேன்.

"எங்க எஞ்சினுக்கு அடியில வெள்ளக் கட்டி ஒண்ணு மாட்டிருக்கும், பாத்திருக்கியா? சிங்கு, துத்தநாகம். அது எதுக்குன்னு நெனச்ச? கடல்தண்ணியில நாலு உலோகம் ஒண்ணா தொட்டுட்டுக் கெடந்தா, கடல் அதுல எளச்சவனப் பிடிச்சுத் திங்கும். எஞ்சினத் திங்காத, என்னத் தின்னுன்னு சிங்கு நிக்கும். கரஞ்சு தீந்தா வேற மாட்டுவோம். நீ இஞ்ச என்ன செஞ்சிருக்க? அலுமினியத்த சிங்கு ஆக்கிட்ட! ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் கருப்புத் துண்டு, ரெண்டும் சேந்து அந்தப் பாவத்தத் தின்னுருக்கு. இரும்பு பக்கத்தில சொகமா இருந்திருக்கு. தனியா தொங்கவிட்டிருந்தா இரும்பு இதுக்குள்ள சிவந்து பூத்திருக்கும்."

ஒருவருடைய ரத்தத்தில் இன்னொருவருடையது ஒரு துளிகூடச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். ஒரு குழாயைத் தொட்ட ஊசி அடுத்ததைத் தொடாது. இங்கே மூன்றையும் ஒரே கம்பியில் கட்டி, மேலே தண்ணீரும் ஊற்றி, ஐம்பத்தாறு வரி எழுதியிருக்கிறேன்.

அப்போதுதான் அண்ணன் திரும்பி என் கணவரைப் பார்த்தான். "மச்சான், எனக்குத் தெரியுது. கடல்தண்ணிக் கம்பெனியில இருவத்திநாலு வருசம் பைப்பு ஒட்டுன ஒனக்குத் தெரியாதா?"

கணவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயாக் கிளாசை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொதல் நாள் இருந்து. கம்பி எடுத்தது எம் பெட்டியில இருந்துல்லா."

"பின்ன ஏன் சொல்லல்ல? ஐம்பத்தாறு நாள்!"

அவர் கிளாசைச் சுவர்மேல் வைத்தார். "காலத்த அஞ்சு மணிக்கு நீ தம்ளரையும் டார்ச்சையும் எடுத்துட்டு ஏறுவ. நான் கீழ கெடந்துட்டே கேப்பேன். படியில ஒம் மிதி. பொறவு தண்ணி விழுத சத்தம். பொறவு பேனா மூடியக் கடிச்சிட்டு யோசிப்ப, அப்ப ஒரு சத்தமும் இருக்காது. அங்க இருக்கும்போ அஞ்சு மணிக்கு கம்பெனி பஸ் ஹாரன்தான் கேக்கும். சொன்னா நீ நிப்பாட்டிருவல்லா. அதான் சொல்லல்ல."

அண்ணன் எழுந்தான். "நான் போய் மீன வெட்டுதேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவனுக்கு மீன் வெட்டிப் பழக்கமே கிடையாது. அண்ணிதான் வெட்டுவாள். பிறகு போய்ப் பார்த்தபோது பாரைத் துண்டுகள் ஒன்று உள்ளங்கை அளவும் ஒன்று விரல் அளவுமாகக் கிடந்தன. அன்று நான் அதைச் சரிசெய்யவில்லை. அப்படியே குழம்பு வைத்தேன்.

சாப்பாட்டின்போது பேச்சு மறுபடியும் சட்டத்துக்கு வந்தது. என் நோட்டுச் செல்லாது என்று ஆகிவிட்டதால் ஆளுக்கொரு கட்சி.

அண்ணன் அலுமினியக் கட்சி. "சேத்துக் கெட்டாம தனியா விட்டா அதுக்கு ஒண்ணும் ஆகாது. பெயிண்டும் அடிச்சிருக்கும். வாரம் ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்து, போதும். பாத்துக்க ஆளே வேண்டாம். இல்லன்னா கார்பன் வாங்கு. ஒடஞ்சா எங்கிட்ட கொண்டா. ஃபைபர் வள்ளம் ஒட்டுத மாதிரி ஒட்டித் தாறேன்."

"ஒட்டுவ. பொறவு சைக்கிள் மிதக்கும், ஓடாது" என்றார் கணவர்.

"அப்ப ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

"இரும்பு."

"இப்பதானே சொன்னேன், இரும்பு பூத்துரும்னு! மச்சான், இது கடப்பொறம்."

"பூக்கும். அதுக்கு வேல இருக்கு." கணவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். ஓட்டிவிட்டு வந்தால் தினமும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை இருக்கைக் குழாயைக் கழற்றி, சட்டத்துக்குள் எண்ணெய் ஊற்றி, நாலு பக்கமும் சாய்த்துச் சுற்ற வேண்டும். இரும்பு உள்ளேயிருந்துதான் அரிக்கும். கீறல் விழுந்தால் அன்றைக்கே உரசிப் பெயிண்ட் தொட வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். என்றாவது ஒட்டு விட்டுப்போனால் வெல்டு வைத்துக்கொள்ளலாம். இரும்பு ஒன்றுதான் அதற்கு ஒத்துவரும்.

அவர் சொல்லச் சொல்ல நான் இடது கையால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நான்காவது வரியில் நிறுத்தினேன்.

"இது வருசம் முழுக்க உள்ள வேலை" என்றேன்.

"ஆமா."

"இதுக்கு வீட்டில ஆள் வேணும்."

"வேணும்."

"யாரு?"

அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒன் அண்ணன் மீன் வெட்டுன லெச்சணத்தப் பாத்தியல்லா? அவங் கையில குடுக்க முடியுமா? நான்தான் பாக்கணும்."

அண்ணன் விரல் அளவுத் துண்டு ஒன்றை எடுத்து எனக்கு வைத்தான். "தின்னு, ஏட்டி. சின்னதுதான் நல்லா வெந்திருக்கும்" என்றான். எனக்கு அது உண்மையாகவே நன்றாக இருந்தது.

மூன்றரை மணிக்குக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை என்றாலும் எடுத்தார். இரும்புச் சட்டம், ஐம்பத்தாறு சென்டிமீட்டர், முன்னும் பின்னும் பிரேக், அடர்நீலம் என்றேன். "அக்கா, முடிவு பண்ணியாச்சா? நாளைக்கு மனசு மாறாதே?" என்றார். மாறாது என்றேன். வண்டி பத்து நாளில் வந்தது. கலங்கரை விளக்கத்து இறக்கத்தில் அவர் முதல்முறை இறங்கியபோது கால்கள் தையல் மிஷின்போலச் சுற்றியதும், வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டியதும் பிப்ரவரிப் பக்கங்களில் இருக்கின்றன. அது வேறு நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை துணிகளை மடித்தேன். ஆறரைக்கு ஜெபமாலை. எட்டுக்குக் கஞ்சி. ஒன்பதுக்கு நாட்குறிப்பு. வலது மூலையில் 260 என்று எழுதி, கோடு போட்டு, பென்சிலை எடுத்து, வழக்கமாகிவிட்ட கேள்விக்குறியையும் போட்டேன். மதியம் அவர் சொன்னது எனக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனாலும் போர்மேனுக்குப் பதில் போகும்வரை முடிவு என்று எழுதக் கூடாது. பரிசோதனைக்கூடத்திலும் அப்படித்தான், கையெழுத்து விழாத தாளை நான் வெளியே கொடுப்பதில்லை.

ஜனவரி 29, திங்கட்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. மாடியில் அவர் குரல் கேட்டது. படியில் பாதி ஏறி நின்றேன். போனை வாய்க்கு அருகே பிடித்துக் குரல் செய்தி பேசிக்கொண்டிருந்தார். அங்கே அப்போது மூன்றரைகூட ஆகியிருக்காது.

"ஆசானே, நான் வரல்ல. ஒரு வருசம் இல்ல, ஒரு மாசமும் வரல்ல. இஞ்ச எனக்கு ஜோலி கெடச்சிருக்கு, கேட்டியளா? சைக்கிள் தொடைக்கணும்."

விரலை எடுத்தார். செய்தி போன சத்தம் 'டிங்' என்று கேட்டது. நேரம் 4.56.

நான் இறங்கிவந்து, கடல்தண்ணீர்த் தம்ளரையும் டார்ச்சையும் தொடாமல், மேசை விளக்கைப் போட்டேன். ரப்பரை எடுத்து வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நான்கு பக்கங்களிலும் இருந்த கேள்விக்குறிகளை வரிசையாக அழித்தேன். பிறகு, பேனாவால் போட்டது என்பதால் பிளேடை வைத்து, தாள் கிழியாமல், 260க்குப் பக்கத்தில் இருந்த, இனித் தேவையில்லாத கோட்டையும் சுரண்டி எடுத்தேன்.